எஃகும் காற்றும்: நிதானச் சைக்கிளின் அறிவியல்

அன்றாடச் சைக்கிள் என்பது வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் பேருந்து நிலையத்துக்கும் போய்வரும் வண்டி. மணிக்கு 12 முதல் 18 கி.மீ. வேகத்தில் ஓடும். ஒரு நடைக்குப் பெரும்பாலும் பத்து கி.மீ. தாண்டாது. ஓட்டுபவர் வேட்டியிலோ சுடிதாரிலோ அலுவலக உடுப்பிலோ இருப்பார். கேரியரில் ஒரு நாள் காய்கறிப் பை, ஒரு நாள் அரிசிச் சிப்பம், ஒரு நாள் பிள்ளை. பந்தயச் சைக்கிளை எடைபோடும் அளவுகோல்கள் இந்த வண்டிக்குப் பொருந்துவதில்லை.

இந்த வகை வண்டிக்கு இரண்டு தொடக்கங்கள் உண்டு. 1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளை உருவாக்கினார். ஏறத்தாழ சம அளவுள்ள இரு சக்கரங்கள், பின்சக்கரத்தைச் சுழற்றும் செயின் என்ற அமைப்பு அதிலிருந்து பரவியது. அடுத்த சில ஆண்டுகளில் எஃகுக் குழாய்களாலான வைர வடிவச் சட்டம் நிலைபெற்றது. 1888இல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். எஃகும் காற்றும் சேர்ந்து பிறந்ததுதான் 'ரோட்ஸ்டர்' எனப்படும் கறுப்பு நிற, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிள். நெதர்லாந்தின் 'பாட்டி சைக்கிள்', சீனாவின் டியான்ஜினில் 1950இல் வெளிவந்த 'பறக்கும் புறா', சென்னை அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்த ஹெர்குலிஸ் ஆகிய எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

எஃகுச் சட்டம் என்றாலே சொகுசு என்ற பேச்சு சைக்கிள் பிரியர்களிடையே உண்டு. அதில் பாதிதான் சரி. குலுங்காமல் போவது பெரும்பாலும் டயரில் உள்ள காற்றையும் வண்டியின் அளவையும் கோணங்களையும் பொறுத்தது. எஃகு தருவது நீண்ட ஆயுளும் எந்த ஊரிலும் பழுதுபார்க்கும் வசதியும். எது எதிலிருந்து வருகிறது என்று பிரித்தறிந்தால் கடையில் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பது தெளிவாகும்.

வேகம் குறைந்தால் கணக்கு மாறும்

சமதளத்தில் சைக்கிளை எதிர்ப்பவை முக்கியமாக இரண்டு: காற்றுத் தடை, டயர் உருளும்போது எழும் உருள் தடை. காற்றுத் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும். வேகம் இரட்டித்தால் அது எட்டு மடங்காகும். உருள் தடைக்கான திறன் வேகத்தின் நேர் விகிதத்தில் மட்டுமே கூடும்.

ஓட்டுபவர் 65 கிலோ, சைக்கிள் 18 கிலோ, பை 7 கிலோ என மொத்தம் 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போக காற்றுக்கு ஏறத்தாழ 26 வாட், உருள் தடைக்கு 29 வாட், ஆக 55 வாட் போதும். ஆரோக்கியமான எவரும் வியர்க்காமல் தரக்கூடிய திறன் இது. அதே ஆள் அதே நிலையில் 30 கி.மீ. வேகத்தில் போக முயன்றால் காற்றுக்கு மட்டும் 208 வாட் வேண்டும். மொத்தம் 265 வாட்டைத் தாண்டும். அது பயிற்சி பெற்ற பந்தய வீரரின் வேலை.

பந்தயச் சைக்கிளில் குனிந்து உட்காரவைப்பதன் காரணம் இதில் விளங்கும். உடலைத் தாழ்த்தினால் 30 கி.மீ. வேகத்தில் 80 வாட்டுக்கு மேல் மிச்சமாகும். 15 கி.மீ. வேகத்தில் அதே குனிவு மிச்சப்படுத்துவது சுமார் 11 வாட். அந்தப் 11 வாட்டுக்காகக் கழுத்தும் முதுகும் மணிக்கட்டும் வலிக்க வேண்டியதில்லை. தெருவில் நாலாபக்கமும் பார்த்து ஓட்டும் வசதியையும் இழக்க வேண்டியதில்லை.

எடையின் கதையும் அப்படித்தான். சைக்கிளில் ஐந்து கிலோ கூடினால் சமதளத்தில் 15 கி.மீ. வேகத்தில் கூடுதலாகத் தேவைப்படுவது இரண்டு வாட்டுக்கும் குறைவு. நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர் உயரும் மேம்பாலத்தில் 10 கி.மீ. வேகத்தில் ஏற மொத்தம் ஏறக்குறைய 100 வாட் தேவை. அதில் அந்த ஐந்து கிலோவின் பங்கு ஐந்து வாட்தான். மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஏறும்போது எடை உறைக்கும். சாலையில் அவ்வளவாக உறைக்காது. ஆகவே மாடியில் வைக்க வேண்டியவருக்கு 12 கிலோ வண்டி தேவைப்படலாம். வாசலில் நிறுத்துபவருக்கு 18 கிலோ பிரச்சினையே இல்லை.

எஃகு எதைத் தருகிறது

எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், அலுமினியத்தினது 2.7 கிராம். விறைப்பைக் காட்டும் மீட்சிக் குணகம் எஃகுக்கு சுமார் 200 ஜிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70. அதாவது அலுமினியம் எடையில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பிலும் மூன்றில் ஒரு பங்கு. இந்தக் குறையை ஈடுகட்ட அலுமினியக் குழாய்களைப் பருமனாகச் செய்வார்கள். சுவர்த் தடிமன் மாறாமல் குழாயின் விட்டம் இரட்டித்தால் எடை இரு மடங்காகும், வளைவுக்கு எதிரான விறைப்போ எட்டு மடங்காகும். எஃகுச் சட்டத்தின் மேல் பார் மரபாக 25.4 மி.மீ., கீழ்ப் பார் 28.6 மி.மீ. என மெலிந்திருப்பதற்கும், அலுமினியச் சட்டம் வாழைத்தண்டுபோல் பருத்திருப்பதற்கும் இந்த விகிதமே காரணம்.

எஃகில் பல ரகம் உண்டு. சாதாரண ரோட்ஸ்டர் கார்பன் எஃகுக் குழாயால் ஆனது. விலை கூடிய சட்டங்கள் 'குரோமோலி' என்ற கலவையால் ஆனவை. அதில் ஏறத்தாழ ஒரு சதவீதம் குரோமியமும் 0.2 சதவீதம் மாலிப்டினமும் 0.3 சதவீதம் கார்பனும் இருக்கும். இரண்டின் விறைப்பும் ஒன்றுதான், வலிமையில்தான் வேறுபாடு. வலிமை கூடினால் குழாயின் சுவரை மெல்லியதாக்கலாம். இணைப்பு விழும் இரு முனைகளில் 0.9 மி.மீ. தடிமனும் நடுவில் 0.6 மி.மீ. தடிமனும் கொண்ட குழாய்கள் உண்டு. பர்மிங்காமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் மில்வர்ட் ரெனால்ட்ஸ் இத்தகைய குழாய் செய்யும் முறைக்கு 1897இல் காப்புரிமை பெற்றார். அவருடைய நிறுவனம் 1935இல் வெளியிட்ட '531' என்ற மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகு பல பத்தாண்டுகள் பேர்போன குழாயாக இருந்தது. சட்டத்தில் இருக்கும் குழாய் ஸ்டிக்கர் சொல்வது பெரும்பாலும் எடையைப் பற்றிய செய்தி. மெல்லிய சுவர்கொண்ட சட்டம் பெடலுக்குச் சற்றே இசைந்து கொடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் பள்ளத்தில் விழும்போது முக்கோணச் சட்டம் செங்குத்தாக அமுங்குவது ஒரு மில்லிமீட்டரை எட்டுவதே அரிது.

எஃகின் பெரிய பலம் களைப்புத் தாங்கலில் இருக்கிறது. திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கும்போது உலோகத்தில் நுண்விரிசல் வளர்வதை உலோகக் களைப்பு என்பார்கள். நிமிடத்துக்கு 60 முறை கிராங்க் சுற்றினால் இரண்டு காலும் சேர்ந்து 120 மிதி. நாளுக்கு 40 நிமிடம் ஓட்டினால் 4,800. ஆண்டில் 300 நாள் ஓட்டினால் 14 லட்சத்தைத் தாண்டும். எஃகுக்கு ஒரு களைப்பு எல்லை உண்டு: ஒவ்வொரு சுமையும் அந்த எல்லைக்குக் கீழே இருந்தால் எத்தனை லட்சம் முறை மிதித்தாலும் விரிசல் தொடங்காது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை இல்லை. சிறு சுமையும் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் அலுமினியச் சட்டத்தைத் தேவைக்கு மேல் விறைப்பாகச் செய்து சுமையைக் குறைக்கிறார்கள். தாத்தா ஓட்டிய எஃகுச் சைக்கிளைப் பேரன் ஓட்டுவது ஊருக்கு ஊர் காணக்கூடிய காட்சி என்றால் அதற்குப் பின்னால் இந்தக் களைப்பு எல்லை இருக்கிறது.

அடுத்தது பழுதுபார்ப்பு. எஃகு உடைவதற்கு முன் வளையும். விரிசல் விட்டாலும் மெல்ல வளரும், பெயிண்ட்டில் கோடாகத் தெரியும், கிரீச்சிட்டு எச்சரிக்கும். குழாய்களை 'லக்' என்ற உறைக்குள் செருகிப் பித்தளையால் பற்றவைப்பது பழைய முறை. பித்தளை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் உருகும். எஃகு உருக 1,500 டிகிரி அளவுக்கு வேண்டும். ஆகவே குழாய் உருகாமலே இடுக்கில் பித்தளை ஓடி நிரம்பிவிடும். பின்னால் அந்த இணைப்பைச் சூடுகாட்டிக் கழற்றி வேறு குழாய் போடவும் முடியும். கேஸ் வெல்டிங் கற்ற எவரும் சிற்றூரிலும் இதைச் செய்வார். வளைந்த ஃபோர்க்கை நிமிர்த்துவதும், பின்சக்கர இடைவெளியை நெம்பிச் சில மில்லிமீட்டர் அகலமாக்கி வேறு ஹப் மாட்டுவதும் எஃகில் மட்டுமே நம்பிச் செய்யக்கூடிய வேலைகள்.

சொகுசு டயரில்

சாலையின் சொரசொரப்பை முதலில் வாங்கிக்கொள்வது டயர். டயருக்குள் இருக்கும் காற்று ஒரு நல்ல சுருள்வில். சட்டம் அமுங்காத இடத்தில் டயர் பல மில்லிமீட்டர் அமுங்கித் தரும்.

நிமிர்ந்து ஓட்டும்போது மொத்த எடையில் ஏறத்தாழ அறுபது சதவீதம் பின்சக்கரத்தின் மேல் விழும். 90 கிலோவில் அது 54 கிலோ. டயரின் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ என்றால் தரையில் பதியும் பரப்பு 9 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் 3 கிலோ என்றால் 18 சதுர சென்டிமீட்டர். பம்ப்பின் அளவியில் 3 கிலோ என்பது ஏறக்குறைய 43 பவுண்டு. குறைந்த அழுத்தத்தில் டயர் கல்லைச் சுற்றி மடிந்துகொள்ளும். கூடிய அழுத்தத்தில் கல்லின் மேல் ஏறிக் குதிக்கும். ஒவ்வொரு குதிப்பிலும் வண்டியும் உடலும் சேர்ந்து மேலே தூக்கப்படுகின்றன. அந்த ஆற்றல் குலுங்கும் தசையில் வெப்பமாக வீணாகிறது. மேடுபள்ளமான சாலையில் கல்போல் காற்றடித்த மெல்லிய டயர் வேகமாகப் போவதுபோலத் தோன்றினாலும் உண்மையில் பின்தங்குவதற்கு இதுவே காரணம்.

அழுத்தத்துக்கு எளிய வழிகாட்டி ஒன்று உண்டு. ஓட்டுபவர் ஏறி உட்காரும்போது டயரின் உயரம் ஏறத்தாழ பதினைந்து சதவீதம் அமுங்க வேண்டும். 40 மி.மீ. டயருக்கு அது 6 மி.மீ.; 25 மி.மீ. டயருக்கு 4 மி.மீ. கூட இல்லை. மெல்லிய டயரில் அதற்கு மேல் காற்றைக் குறைத்தால் பள்ளத்தில் ரிம்மும் கல்லும் ட்யூபை நடுவில் வைத்துக் கடித்துவிடும். பாம்பு கடித்ததுபோல இரட்டைத் துளை விழும். ஆகவே காற்றைக் குறைத்துச் சொகுசு தேட வேண்டுமானால் டயர் அகலமாக இருக்க வேண்டும். அன்றாட ஓட்டத்துக்கு 37 முதல் 50 மி.மீ. வரை ஏற்றது.

டயரின் பக்கச் சுவரில் '40-635' என்பதுபோல் இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். முதல் எண் அகலம். இரண்டாவது, டயர் ரிம்மில் உட்காரும் விட்டம். இரண்டுமே மில்லிமீட்டரில். இந்திய ரோட்ஸ்டரின் 28 அங்குலச் சக்கரம் 635. இப்போதைய பெரும்பாலான நகரச் சைக்கிள்கள் 622. பழைய மலைச் சைக்கிள்கள் 559. அங்குலக் கணக்கில் ஒரே எண் போட்டிருந்தாலும் விட்டம் வேறாக இருக்கக்கூடும் என்பதால் டயர் வாங்கும்போது இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். சைக்கிள் வாங்கும்போது பார்க்க வேண்டியது இன்னொன்று: ஃபோர்க்குக்கும் டயருக்கும் இடையில், பின்பக்கக் கம்பிகளுக்கும் டயருக்கும் இடையில், சுண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா? இருந்தால் பிறகு அகலமான டயரும் மட்கார்டும் போடலாம். இல்லையென்றால் அந்தச் சட்டம் தன் வாழ்நாள் முழுக்க ஒரே டயர் அளவுக்குக் கட்டுப்பட்டது.

மலிவான சைக்கிளின் முன்பக்க ஷாக் அப்சார்பர் சொகுசு தரும் என்று எண்ணிப் பலர் வாங்குகிறார்கள். அது வண்டியின் எடையைக் கூட்டும். மழைநீர் புகுந்து சில ஆண்டில் இறுகும். எழுந்து நின்று மிதித்தால் தலையாட்டும். முன்னோக்கி வளைந்த சாதாரண எஃகு ஃபோர்க்கும் அகலமான டயரும் தெருவுக்குப் போதும்.

அளவும் இருக்கையும்

எவ்வளவு நல்ல வண்டியும் அளவு பொருந்தாவிட்டால் வலிக்கும். முதல் அளவு காலின் உட்புற நீளம். செருப்பில்லாமல் சுவரில் முதுகு சாய்த்து நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவில் சீட்டில் உட்கார்வதுபோல் அழுத்திப் பிடித்து, புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். அந்த அளவை 0.883ஆல் பெருக்கினால் கிராங்க் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்புக்குரிய உயரம் கிடைக்கும். 80 செ.மீ. காலுக்கு அது 70.6 செ.மீ. பந்தயத்திலிருந்து வந்த சூத்திரம் இது. நிதானமாக ஓட்டுபவர் ஒன்றிரண்டு செ.மீ. குறைத்துக்கொள்ளலாம். அளவு நாடா இல்லாவிட்டால் இன்னொரு வழி: சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை இறக்கினால் முழங்கால் நேராக வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்.

உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் படியும்படி சீட்டை இறக்கிவைப்பது பரவலான பழக்கம். அப்போது ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் அதிகமாக மடங்கி, தொடைத் தசையின் முழு இழுப்பும் முழங்கால் சில்லின் மேல் அழுந்தும். சில கி.மீ. போனதும் முழங்காலின் முன்பக்கம் வலிப்பதற்கு இதுவே வழக்கமான காரணம். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நின்றுகொள்ளப் பழகினால் சீட்டை உரிய உயரத்தில் வைக்கலாம்.

இரண்டாவது அளவு, சட்டத்தின் உயரம். பாரின் இருபுறமும் கால் வைத்து நிற்கும்போது மூன்று முதல் ஐந்து செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். 22 அங்குலம், 24 அங்குலம் என்று இரண்டே அளவில் வந்த ரோட்ஸ்டர்கள் பலருக்குப் பெரிதாகவே இருந்தன. பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்ற தலைமுறைக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பார் தாழ்ந்த 'லேடீஸ்' சட்டம் சேலை, வேட்டி கட்டியவர்க்கும் காலைத் தூக்கிப் போட முடியாத முதியோர்க்கும் ஏற்றது. முக்கோணம் குலைவதால் அது முறுக்கத்துக்குக் கொஞ்சம் இளகும். அதைச் சரிக்கட்டத் தடித்த குழாய் போடுவார்கள், எடை சற்றுக் கூடும். பார் வைத்த சட்டத்துக்கும் தனிப் பயன் உண்டு. 1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றபோது லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பலர் ஆண்கள் சைக்கிளையே எடுத்தனர். பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் இருந்தனர்.

மூன்றாவது, சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரையுள்ள எட்டம். உடல் எந்த அளவு நிமிர்ந்திருக்கிறதோ அந்த அளவு எடை சீட்டுக்குப் போகும். குனியக் குனியக் கைகளுக்கு மாறும். ஹேண்டில்பார் சீட்டின் மட்டத்திலோ சில செ.மீ. மேலேயோ இருந்து, பிடிகள் உடலை நோக்கிப் பின்வளைந்திருந்தால் மணிக்கட்டு இயல்பான கோணத்தில் நிற்கும், முழங்கை தளர்ந்திருக்கும். முற்றிலும் செங்குத்தாக உட்கார்ந்தால் பள்ளத்தின் அதிர்ச்சி நேராக முதுகெலும்பில் ஏறும் என்பதால் இலேசான முன்சாய்வு நல்லது.

சீட்டில் உடலைத் தாங்குபவை இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முனைகள். நிமிர்ந்து உட்கார்பவரின் எடை அந்த இரண்டின் மேலும் முழுதாக விழுவதால் அகலமான, ஸ்பிரிங் வைத்த சீட் அவருக்குப் பொருந்தும். பஞ்சு தடித்த மெத்தைச் சீட் கடையில் இதமாக இருக்கும். எலும்பு முனைகள் அமுங்கியதும் நடுப்பகுதி மேலெழுந்து மென்தசையை நெருக்கும். இழுத்துக் கட்டிய தோல் சீட் காலப்போக்கில் அந்த முனைகள் படும் இடத்தில் குழிந்து ஓட்டுபவரின் அச்சாகவே மாறும்; அதை மழையில் நனையவிடக் கூடாது.

கோணமும் நிதானமும்

தள்ளுவண்டியின் திரும்பும் சக்கரம் போகும் திசைக்குத் தானாகத் திரும்பிக்கொள்வதைக் காணலாம். சக்கரம் தரையைத் தொடும் புள்ளி அதன் திருப்பு அச்சுக்குப் பின்னால் இருப்பதே காரணம். சைக்கிளின் முன்சக்கரத்திலும் இதே அமைப்பு உண்டு. ஹேண்டில் அச்சைத் தரைவரை நீட்டினால் அது தொடும் இடத்துக்குச் சில செ.மீ. பின்னால்தான் டயர் தரையைத் தொடும். இந்தத் தூரத்தைப் பின்னிழுவை எனலாம். அச்சு தரையோடு 72 டிகிரி கோணத்தில் சாய்ந்து, சக்கர ஆரம் 340 மி.மீ., ஃபோர்க்கின் முன்வளைவு 45 மி.மீ. என்றால் பின்னிழுவை 63 மி.மீ. வரும். அது குறைந்தால் வண்டி துறுதுறுவெனத் திரும்பும். கூடினால் நேர்க்கோட்டில் அமைதியாகப் போகும், ஆனால் மிக மெதுவாக ஓட்டும்போது ஹேண்டில் ஒரு பக்கம் சாயப் பார்க்கும்.

சைக்கிள் விழாமல் நிற்பதன் முழுக் காரணமும் பின்னிழுவை அல்ல. 1970இல் டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர், சக்கரத்தின் சுழல் விளைவை எதிர்ச்சக்கரம் ஒன்றால் நீக்கிய சைக்கிளையும் எளிதாக ஓட்ட முடிந்ததைக் காட்டினார். 2011இல் ஒரு டச்சு-அமெரிக்கக் குழு சுழல் விளைவும் பின்னிழுவையும் இல்லாத மாதிரி ஒன்றைச் செய்து, அதுவும் ஆளில்லாமல் தானே நிமிர்ந்து ஓடக்கூடும் என்று நிறுவியது. எடை எங்கே அமைந்திருக்கிறது என்பதற்கும் பங்கு உண்டு. ஆகவே முன்கூடையில் சுமை ஏற்றினால் வண்டியின் குணமே மாறும். கனமான பையைக் கேரியரின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கவிடுவது பாதுகாப்பானது.

சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம் பந்தய வண்டியில் ஒரு மீட்டருக்கு அருகில் இருக்கும், ரோட்ஸ்டரில் 1.1 மீட்டரைத் தாண்டும். நீளம் கூடினால் ஓட்டுபவர் இரு சக்கரங்களுக்கும் நடுவில் உட்கார்வார். பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது இடுப்புக்கு வரும் அடி குறையும். மாட்டுவண்டியில் அச்சுக்கு மேல் உட்கார்பவருக்குக் கிடைக்கும் குலுக்கல், நீளமான பேருந்தின் நடுவில் உட்கார்பவருக்குக் கிடைப்பதில்லை அல்லவா? அதே கணக்குத்தான். பின்கம்பி நீளமாக இருந்தால் மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்காது.

கியரும் பிரேக்கும்

முன்பல் 44, பின்பல் 18 உள்ள ரோட்ஸ்டர் ஒரு சுற்று மிதிக்கு ஏறத்தாழ 5.4 மீட்டர் ஓடும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்குக் கால் 46 முறைதான் சுற்றும். ஒவ்வொரு மிதியும் கனக்கும். ஃப்ரீவீலை 22 பல்லாக மாற்றினால் ஓட்டம் 4.5 மீட்டராகக் குறைந்து, அதே வேகத்தில் கால் 56 முறை சுற்றும். முழங்காலுக்கும் மேம்பாலத்துக்கும் இது நிம்மதி. சில நூறு ரூபாய்க்குள் முடியும் இந்த மாற்றம் செயினை ஒன்றிரண்டு கண்ணி நீட்ட வேண்டியிருக்கும் என்பதைத் தவிர வேறு வேலை வைக்காது.

காற்று அதிகமுள்ள கடற்கரை ஊருக்கும் ஏற்ற இறக்கமுள்ள ஊருக்கும் கியர் வேண்டும். ஹப்புக்குள் அடங்கிய மூன்று கியர் அன்றாடத்துக்கு மிகவும் பொருந்தும். ஸ்டர்மி-ஆர்ச்சரின் புகழ்பெற்ற மூன்று கியர் ஹப்பில் நடு கியர் நேரடி. கீழ் கியர் அதன் 75 சதவீதம். மேல் கியர் 133 சதவீதம். பற்சக்கரங்கள் மூடிய ஹப்புக்குள் எண்ணெயில் ஓடுவதால் தூசியும் மழையும் அண்டாது. சிக்னலில் நின்றபடியே கியர் மாற்றலாம். செயின் ஒரே கோட்டில் ஓடுவதால் முழு செயின் கவர் போடலாம். வெளியில் தெரியும் 'டெரெய்லர்' கியர் எடை குறைவு, விலையும் குறைவு. அடிக்கடி துடைத்து எண்ணெயிட வேண்டும். பின்னால் ஏழெட்டுப் பல்சக்கரமும் முன்னால் ஒரே ஒரு பல்சக்கரமும் போதுமானவை. 21 கியர் என்று விளம்பரப்படுத்தும் வண்டியில் பல கியர்கள் ஒன்றையொன்று ஒத்தவை.

பிரேக்கில் ரிம்மின் உலோகத்தைப் பார்க்க வேண்டும். குரோம் பூசிய எஃகு ரிம் மழையில் நனைந்தால் ரப்பர் கட்டை வழுக்கிவிடும். நிற்கும் தூரம் பல மடங்காகும். அலுமினிய ரிம்மில் இந்த இழப்பு மிகக் குறைவு. சட்டம் எஃகு, ரிம் அலுமினியம் என்பது நல்ல கூட்டு. மழை மிகுந்த ஊரில் ஹப்புக்குள் அமைந்த டிரம் பிரேக்கோ டிஸ்க் பிரேக்கோ இன்னும் நம்பகமானது. நிறுத்தும்போது எடை முன்னால் சாய்வதால் முன்பிரேக்தான் அதிக வேலை செய்யும். முன்பிரேக் தளர்ந்த வண்டி பாதி பிரேக் இல்லாத வண்டி.

பல வேலைக்கு ஒரு வண்டி

ஒரு சைக்கிள் எத்தனை வேலைக்கு உதவும் என்பதை அதன் பின்சக்கர அச்சுக்கு அருகில் குனிந்து பார்த்தே சொல்லிவிடலாம். அச்சு உட்காரும் தகட்டில் இரண்டு மறைத் துளைகள் இருந்தால் ஒன்றில் மட்கார்டுக் கம்பியும் மற்றதில் கேரியரும் முடுக்கலாம். ஃபோர்க்கின் அடியிலும் துளை இருந்தால் முன் மட்கார்டோ சிறு கேரியரோ போடலாம். பாரில் தண்ணீர்ப் புட்டி மாட்டும் துளை, பின்சக்கரத்தின் பக்கத்தில் ஸ்டாண்டு முடுக்க இடம் ஆகியவை அடுத்தவை. இவை இல்லாத சட்டத்தில் கிளாம்ப் போட்டு ஒட்டவைக்க வேண்டும். கிளாம்ப் நழுவும், பெயிண்ட்டை உரிக்கும். கேரியரின் மேல் எவ்வளவு கிலோ தாங்கும் என்று பொறித்திருக்கும். அன்றாடத்துக்கு 25 கிலோ தாங்குவது வேண்டும். இருட்டுக்கு 6 வோல்ட், 3 வாட் டைனமோ ஒன்றும் எல்.இ.டி. விளக்கும் இருந்தால் பேட்டரி பற்றிய கவலை இல்லை.

பழைய வண்டி வாங்கும்போது

எஃகுச் சைக்கிளைப் பழையதாக வாங்குவதில் நியாயம் உண்டு. சட்டம் நன்றாயிருந்தால் மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம். சோதனை சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒரு காந்தம் குழாயில் ஒட்டினால் எஃகு. ஹேண்டில் குழாயை ஒட்டி மேல் பாரிலும் கீழ்ப் பாரிலும் அடிப்பக்கமாக விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கே பெயிண்ட் அலைபோல் புடைத்தோ கோடாக வெடித்தோ இருந்தால் வண்டி முன்னால் எங்கேயோ மோதியிருக்கிறது. அடுத்தது நூல் சோதனை. ஒரு நூலைப் பின் அச்சின் ஒரு பக்கத் தகட்டில் கட்டி, முன்னால் ஹேண்டில் குழாயைச் சுற்றி, மறுபக்கத் தகட்டுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். நூலுக்கும் சீட் குழாய்க்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேர். இரண்டு மூன்று மி.மீ. வேறுபாடு என்றால் நிமிர்த்திவிடலாம். அதற்கு மேல் என்றால் விலையைக் குறைக்கவோ விட்டுவிடவோ செய்யலாம்.

பிறகு சீட் பைப் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். துருவேறி இறுகிய சீட் பைப்பைக் கழற்றுவது சில சமயம் சட்டத்தையே பலிகேட்கும். கிராங்கைப் பக்கவாட்டில் அசைத்தால் 'டக்' என்று ஆடினால் கப்-கோனும் பால்ரஸும் தேய்ந்தவை, அவை மலிவு. சக்கரத்தைச் சுழற்றிவிட்டு பிரேக் கட்டை அருகே கவனித்தால் கோட்டம் தெரியும். ஸ்போக் கம்பிகளை இறுக்கித் தளர்த்திக் கோட்டம் எடுத்துவிடலாம். கடைசியாக இருபது நிமிடமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். நடக்கும் வேகத்தில் நேராகப் போகிறதா, ஒரு மேட்டில் உட்கார்ந்தபடி ஏற முடிகிறதா, கேரியரில் பையுடன் திரும்பும்போது வால் ஆட்டுகிறதா என்பவை ஐந்து நிமிட ஓட்டத்தில் தெரியாது.

துருவைத் தள்ளிப்போடுதல்

எஃகின் ஒரே பெரிய பகை துரு. இரும்பும் நீரும் ஆக்சிஜனும் சேரும் இடத்தில் அது தொடங்கும். கடலோர ஊரின் உப்புக்காற்று அதை விரைவுபடுத்தும். வெளியிலிருந்து தெரியும் துரு பெரிய ஆபத்தில்லை. மழைநீர் சீட் குழாய் வழியாக உள்ளே இறங்கி கிராங்க் குழாயில் தேங்கி, சட்டத்தை உள்ளிருந்து அரிப்பதே ஆபத்து. கிராங்க் குழாயின் அடியில் ஒரு சிறு துளை இருந்தால் நீர் வடிந்துவிடும். அது மண்ணால் அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்திவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, பருவமழை முடிந்ததும், ஓவராயில் செய்யும்போது சீட் பைப்பைக் கழற்றி வண்டியைத் தலைகீழாக நிறுத்தினால் தேங்கிய நீர் வெளியேறும். உலர்ந்த பிறகு குழாய்களுக்குள் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிச் சட்டத்தை அப்படியும் இப்படியும் சாய்த்தால் உட்சுவரில் படலம் படியும். சீட் பைப்பில் கிரீஸ் தடவி மாட்டினால் இறுகாது. பெயிண்ட் உரிந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பிரைமர் தொட்டுவைத்தால் போதும். ஹப்பிலும் கிராங்கிலும் புது கிரீஸ், பிரேக் கட்டையும் கேபிளும் தேய்ந்திருந்தால் புதியவை, செயினுக்கு எண்ணெய். அடுத்த பருவமழைவரை அந்த வண்டிக்கு வாரம் ஒருமுறை காற்றடிப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது.